மேர்சியக்காவின் மூன்று கால்கள்

மாமரக் கிளையில் மீன் தராசைக் கொளுவி, அதன் கொக்கியில் கமராப் பையை மாட்டிவிட்டு, மேர்சியக்கா ஓரடி பின்னால் நகர்ந்து நிற்கிறார். முள் ஆடி ஓயும்வரை மூச்சு விடுவதில்லை. ஓய்ந்ததும் பையைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை வெளியே எடுத்து வைக்கிறார். மறுபடி தொங்கவிடுகிறார். மறுபடி பார்க்கிறார். இப்போது லென்ஸ் துடைக்கும் துணி வெளியே வருகிறது. அந்தத் துணியில் என்ன பாரம் இருக்கப் போகிறது என்று கேட்டால், முள்ளில் இருந்து கண்ணை எடுக்காமலே பதில் வரும்.

"தனியக் கிடந்தாப் பாரமில்ல கா. எல்லாம் சேர்ந்து வந்தாத்தான் பாரம்."

நிறுக்காமல் எந்தப் பொருளையும் அவர் தோளில் ஏற்றுவதில்லை. கோயிலுக்குக் கொண்டுபோகும் கைப்பை, மழைக்காலத்துக் குடை, தேங்காய் நாலைந்து போட்ட உரப்பை எல்லாமே ஒருமுறை அந்தக் கொக்கியில் தொங்கி இறங்கியவைதான். களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கும் தராசோடு போவார். மரக்கறிக்காரர் ஒருவருக்கு அதில் கோபம் வந்துவிட்டது. "எங்கட தராசில நம்பிக்கை இல்லையா மிஸ்?" என்று கேட்டார். மேர்சியக்கா கத்தரிக்காய்ப் பையை நிறுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"உங்கட தராசில நம்பிக்கை இரிக்கி. என்ட கையிலதான் இல்ல."

தேற்றாத்தீவில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில் ஒன்றுதான். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். பெண்களை அழைக்கும் எங்கள் ஊர்க் 'கா' போட்டுத்தான் என்னோடு கதைப்பார். அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார். ஐம்பதைத் தொடப்போகும் வயது. மெலிந்த, நெடிய உருவம். யன்னல் இல்லாத ஓர் அறையில் நாள் முழுக்க நின்று, விழுந்தவர்கள், இருமுகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் மோதியவர்கள் எல்லாரையும் பலகைக்கு முன்னால் நிறுத்தி, "மூச்ச அடக்குங்க. அசையாதீங்க. சரி, விடுங்க" என்று சொல்வதுதான் தொழில். அந்தச் சொற்கள் அவருடைய வாயிலேயே ஊறிப் போய்விட்டன. ஊசியில் நூல் கோக்கும்போதும் தனக்குத் தானே "அசையாதீங்க" என்பார். ஒருமுறை அடுப்பில் பொங்கி வந்த பாலுக்கும் சொன்னார்.

கிடைக்கிற ஓய்வு நேரத்தில் படம் எடுக்கிறார். மனிதர்களை எடுப்பதில்லை. கலியாணத்துக்கு எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டவர்களையெல்லாம் சிரித்தே அனுப்பிவிட்டார். ஆறு, வானம், வயல்வட்டையில் தேங்கி நிற்கும் தண்ணீர், தண்ணீரில் ஊன்றிய கம்புகள். இவைதான் அவருக்கு வேண்டும். வாவியை இங்கே எல்லாரும் ஆறு என்றுதான் சொல்வோம். நாங்கள் இருக்கும் கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்றால் சூரியன் கடலில் எழுந்துவிடும். ஆற்றுக்கு மேலே எழும் சூரியன் வேண்டுமென்றால் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போகவேண்டும். பழுகாமத்துக் கரையில் அதற்கென்று ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறார். விடியுமுன் அங்கே போய்ச் சேர்ந்து, வெளிச்சம் மங்கலாக இருக்கும்போதே கமராவின் கண்ணை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுப்பார். அப்படி எடுத்தால் அலை படத்தில் அலையாகத் தெரியாது. புகை மாதிரித் தெரியும். அந்த நேரம் முழுக்கக் கமரா மயிரிழை கூட அசையக் கூடாது. அதற்குத்தான் ட்ரைபொட் என்கிற முக்காலி.

மூன்று வருடத்துக்கு முன் கொழும்பில் அவருடைய இடது மார்பை எடுத்தார்கள். கக்கத்துக்குள் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். புற்று வருத்தம் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அந்தக் கைக்குச் சட்டம் போட்டே அனுப்பினார்கள். பாரம் தூக்கக் கூடாது. சட்டென்று இழுக்கக் கூடாது. கீறல் காயம் படக் கூடாது. பட்டால் கை வீங்கும், வீங்கினால் வற்றுவது கஷ்டம். மணிக்கட்டில் இருந்து தோள் வரை தோல் நிறத்தில் இறுக்கமான ஒரு கைச்சட்டை போட்டிருக்கிறார். எக்ஸ்ரேக்கு வரும் கிழவிகள், "கை சுட்டுப்போச்சா மிஸ்?" என்று கேட்பார்கள். "ஓம், வெயில் சுட்டது" என்பார்.

கமராவைக் கையில் பிடித்து எடுப்பதென்றால் லென்ஸைத் தாங்க இடது கை வேண்டும். அது இனி இல்லை. ஆகவே ட்ரைபொட் இல்லாவிட்டால் படமே இல்லை என்றாகிவிட்டது. இருந்த ட்ரைபொட்டோ பழைய அலுமினியம். கமரா உட்காரும் தலையில் மூன்று கைப்பிடிகள், திருக இரண்டு கையும் வேண்டும். வலது தோளில் அதைச் சுமந்தால் பாரம் சரிந்து, இடது கை தன்பாட்டில் உதவிக்கு வந்துவிடும். ஒளித்து ஒளித்து இரண்டு மாதம் சுமந்தார். மோதிரம் விரலில் இறுகியது. ஒரு பின்னேரம் மோதிரத்தைக் கழற்ற முடியாமல் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்ததை அவருடைய கணவர் பார்த்துவிட்டார்.

தோமஸண்ணன் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடும் பஸ்ஸின் சாரதி. வாயைத் திறப்பது குறைவு. அடுத்த நாள் அந்த அலுமினிய ட்ரைபொட்டைக் களுவாஞ்சிக்குடியில் ஒரு ஸ்டூடியோக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மேர்சியக்கா மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாராம்.

"ஒண்டரைக் கிலோவுக்குள்ள ஒண்டு எடுப்பன். தலையோட சேர்த்து. கிடைக்காட்டி இந்தப் படமெடுக்கிற வேலைய விட்டுருவன். இதுக்கு மேல கதைக்க வேணாம்."

மீன் தராசு வீட்டுக்கு வந்தது அந்த வாரம்தான்.

காத்தான்குடியில் றமீஸின் கடைக்கு நானும் கூடப் போனேன். பாவித்த கமராக்களும் புதுச் சாமான்களும் கலந்து விற்கிற சின்னக் கடை. றமீஸ் மூன்று ட்ரைபொட்களை எடுத்து விரித்து வைத்தார். மூன்றும் காபன் பைபர், கறுப்பாக, பார்வைக்கு ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல இருந்தன. மேர்சியக்கா ஒவ்வொன்றையும் தராசில் தொங்கவிட்டார். பிறகு கால்களை முழுதாக நீட்டி, உச்சியை வலது கையால் பிடித்து ஈரத் துணி பிழிவது போல முறுக்கிப் பார்த்தார். பிறகு தன் கமராவை நீள லென்ஸோடு ஏற்றி, எதிர்ச் சுவரில் தொங்கிய கலண்டரின் எழுத்துகளைத் திரையில் பெரிதாக்கி, லென்ஸின் நுனியை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். எழுத்துகள் நடுங்கின. எவ்வளவு நேரத்தில் அடங்குகின்றன என்று பார்த்தார். நானும் பார்த்தேன். றமீஸ் எங்களைப் பார்த்தார்.

"மிஸ், பாரமும் இல்லாம ஆட்டமும் இல்லாம ஒண்டு கேட்டா நான் எங்க போற?"

"நீங்க எங்கயும் போக வேணாம். நான் தேடி எடுக்கிறன்."

தலைதான் பெரிய சிக்கல். போல் ஹெட் என்பது ஒரு கிண்ணத்துக்குள் உருளும் உருண்டை. அதன் மேல் கமரா உட்காரும். ஒரு திருகை இளக்கினால் எந்தப் பக்கமும் திரும்பும், இறுக்கினால் நிற்கும். ஒரு கையால் செய்யலாம் என்பதால்தான் மேர்சியக்கா அதைத் தேடினார். ஆனால் பாரம் குறைந்த தலையில் உருண்டையும் சின்னதாக இருந்தது. இறுக்கிவிட்டுக் கையை எடுத்தபின், கலண்டர் எழுத்துகள் திரையில் மெல்ல மெல்ல மேலே ஏறின. லென்ஸ் கீழே சரிகிறது என்று அர்த்தம்.

"பூட்டின பிறகும் தலை குனியுது" என்றார் மேர்சியக்கா. "இதுக்கு வெட்கம் கூட."

பெரிய உருண்டை குனியவில்லை. ஆனால் அதை ஏற்றினால் தராசு ஒன்றரையைத் தாண்டியது. கடைக்குள் புழுக்கம். மேர்சியக்காவின் மேலுதட்டில் வியர்வை. திரும்பத் திரும்பக் கால்களையும் தலைகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினார். அவர் சாமான் பார்க்கவில்லை, தண்டனையைக் குறைக்க வழி பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் இருந்ததிலேயே பாரம் குறைந்த கால்களில் நடுத்தரமான தலை ஒன்றைப் பூட்டி நிறுத்தார். முள் ஒன்றரையை முட்டி நின்றது.

றமீஸின் வாப்பாவின் இடுப்பு உடைந்தபோது எக்ஸ்ரேப் படம் எடுத்தது மேர்சியக்காதான். "கொண்டுபோய்ப் பாருங்க மிஸ்" என்றார் றமீஸ். "சரிவராட்டித் திருப்பிக் கொண்டு வாங்க. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

மேற்கில் இருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கியிருந்த காலம் அது. அந்தக் காற்று பகல் ஏறினால்தான் முறுகும், விடியலில் ஓய்ந்திருக்கும் என்பது மேர்சியக்காவின் கணக்கு. அந்த ட்ரைபொட்டோடு போன விடியலில், நாங்கள் பழுகாமத்துக் கரையில் ஸ்கூட்டியை நிறுத்தியபோதே பனைகள் இரைந்துகொண்டிருந்தன. காற்று முதுகுப் பக்கத்தில் இருந்து ஆற்றை நோக்கி அடித்தது. கிழக்கில் மேகத்துக்குக் கீழே ஒரு விரற்கடை அகலத்தில் செம்மை.

அவர் ட்ரைபொட்டை விரித்தார். கரையில் புல் முடிந்து சேறு தொடங்கும் இடம். ஐந்தைந்து துண்டாக நீளும் கால்கள் அவை. கடைசித் துண்டு என் சுண்டுவிரல் தடிப்புத்தான் இருக்கும். நின்றுகொண்டே பார்ப்பதற்கு உயரம் போதாமல் நடுத்தண்டையும் மேலே ஏற்றினார். காற்றில் முழுவதும் நடுங்கியது. பாரம் கொடுத்தால் அடங்கும் என்று பையை நடுத்தண்டின் கொக்கியில் மாட்டினார். காற்று பையை ஊஞ்சலாக்கியது. நடுக்கம் கூடியது. பையைக் கழற்றினார்.

"மேர்சியக்கா, இண்டைக்கு விடுவமா?" என்றேன்.

"கொஞ்சம் பொறு கா. வெளிச்சம் வருது."

கமராவை இடப்பக்கம் சற்றுத் திருப்ப வேண்டியிருந்தது. தலையின் திருகை வலது கையால் இளக்கினார். பழைய ட்ரைபொட் என்றால் ஒரு பக்கம் மட்டும்தான் அசைந்திருக்கும். உருண்டை அப்படியில்லை. முழுவதும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்தது. நீள லென்ஸ் தலைகீழாக விழுந்து தொங்கியது. அந்தக் குலுக்கலில் முன்கால் சேற்றுக்குள் இறங்கியது. பின்னால் இருந்து காற்று தள்ளியது. ட்ரைபொட் கமராவோடு ஆற்றுப் பக்கம் சாய்ந்தது.

நான் ஓடினேன். நான் போய்ச் சேருமுன் அவர் பிடித்துவிட்டார். சேற்றில் ஒரு முழங்கால் ஊன்றியிருந்தது. உடம்பு முன்னால் நீண்டு, கமராவும் கால்களும் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, நீட்டிய ஒரு கையில் தொங்கின. அது இடது கை.

நான் கமராவை வாங்கினேன். அவர் எழுந்து நின்றார். கைச்சட்டையில் சேறு. முழங்கைக்குக் கீழே அது சற்றுக் கிழிந்து, உள்ளே ஒரு கீறல். இரத்தம் ஊசிமுனை அளவில் வரிசையாக நின்றது.

"ஒண்டுமில்ல" என்றார். பிறகு, "அது தானாப் போச்சு கா. நான் போகச் சொல்லல்ல" என்றார்.

கையைக் கழுவினோம். அதற்குப் பிறகும் அவர் வீட்டுக்கு வரச் சம்மதிக்கவில்லை. நான் இரண்டு கையாலும் ட்ரைபொட்டின் கால்களை அழுத்திப் பிடிக்க, ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் வந்தார். அந்தப் படத்தை இன்றுவரை அவர் எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் வேலையில் நிற்கும்போதே அவருக்குக் குளிர் நடுக்கம் வந்தது. கை மணிக்கட்டில் இருந்து மேலே சிவந்துகொண்டு போனது. தொட்டால் அடுப்புப் போலச் சுட்டது. தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் வார்ட்டிலேயே கட்டிலில் படுத்தார். கிருமி ஏறிவிட்டது, மருந்து ஏற்றவேண்டும் என்றார்கள். காய்ச்சல் விட்டது. ஆனால் கக்கத்தில் ஒரு திரட்சி இருந்தது. டொக்டர் அதை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஸ்கேன் ஒண்டு பார்ப்பம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவர் சொல்லவும் தேவையில்லை. அந்தக் கட்டிலில் கிடந்தவருக்கு ஸ்கேன் ஏன் என்று யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

ஸ்கேன் வரைக்கும் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் மேர்சியக்கா வார்ட்டில் எல்லாரோடும் சாதாரணமாகவே கதைத்தார். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தார், வலது கையாலும் பல்லாலும். நான் போனபோது என்னை அருகில் கூப்பிட்டார்.

"ஸ்கேன் பார்க்கிறது திவாகரன். எங்கட பொடியன், என்னோட பத்து வருஷமா வேலை செய்யிறான். அவன்ட முகத்தப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சிரும். அதான் பயமா இரிக்கி."

"அவர் முகத்தில காட்டமாட்டார் மேர்சியக்கா."

"அதத்தான் சொல்றன். ஒண்டுமில்லாட்டி அவன் சிரிப்பான். ஏதும் இருந்தா ஒண்டும் காட்டாத முகம் ஒண்டு வைப்பான். நானும் எத்தின பேருக்கு அந்த முகத்த வைச்சிருக்கிறன்."

ஸ்கேன் அறைக்கு வெளியே மர வாங்கில் நானும் தோமஸண்ணனும் இருந்தோம். சாரதிச் சீருடையோடு வந்திருந்தார். பஸ்ஸின் திறப்புக் கோர்வையை ஓர் உள்ளங்கையில் இருந்து மற்ற உள்ளங்கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். சத்தம் வராமல் மாற்றினார். கதவுக்குப் பின்னால் திவாகரனின் குரல் தாழ்வாகக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நான் சுவரில் இருந்த அறிவித்தலைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை.

"அந்தச் சாமான றமீஸிட்டக் குடுத்திட்டன் தங்கச்சி" என்றார் தோமஸண்ணன், தரையைப் பார்த்தபடி. "ஆத்துக்குள்ள எறியத்தான் நினைச்சன். ஊரார்ட சாமான் எண்டபடியா எறியல்ல."

கதவு திறந்தது. திவாகரன் தலையை நீட்டினார். அவர் சிரிப்பதைப் பார்த்துவிட்டேன். கிருமியால் கட்டிய நீர்தான், வேறொன்றுமில்லை, மருந்தோடு வற்றிவிடும் என்றார். தோமஸண்ணன் எழுந்தார். உள்ளே போகவில்லை. நடைபாதையின் முடிவில் இருந்த குழாய்க்குப் போய் முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

வீட்டுக்கு வந்த பிறகு மேர்சியக்கா ட்ரைபொட் பற்றிய கதையே எடுக்கவில்லை. கமரா அலுமாரிக்குள் போனது. தராசை யாரோ கழற்றிக் குசினிக்குள் வைத்தார்கள். வேலைக்குப் போனார், வந்தார். கை வற்றினாலும் பழைய அளவுக்கு வரவில்லை. கைச்சட்டை புதிதாக, ஓர் அளவு பெரிதாக வாங்கவேண்டி வந்தது. காலையில் நான் முற்றம் கூட்டும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் அவரும் கூட்டுவார். முன்பெல்லாம் வானத்தைப் பார்த்து, "இண்டைக்கு மேகம் நல்லாக் கிழிஞ்சிரிக்கி" என்று ஏதாவது சொல்வார். இப்போது குப்பையை மட்டும் பார்த்துக் கூட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்த பிறகு, மதிலடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் கதைப்பது கேட்டது. ஒட்டுக்கேட்க நினைக்கவில்லை. விலகிப் போகவும் இல்லை.

"உனக்கு அந்தப் படம் என்னத்துக்கு மேர்சி?" என்று கேட்டார் தோமஸண்ணன். கோபமில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்ட குரல். "யாருக்கும் குடுக்கவும் இல்ல, விக்கவும் இல்ல. உயிரக் குடுத்து எடுக்கிற அளவுக்கு அதில என்ன இரிக்கி?"

பாத்திரம் ஒன்று கவிழ்க்கப்படும் சத்தம் கேட்டது.

"ஆஸ்பத்திரியில நான் எடுக்கிற படம் எல்லாத்திலயும் என்ன பிழை இரிக்கி, எங்க வெடிச்சிரிக்கி, எங்க நிழல் விழுந்திரிக்கி எண்டு தேடுற. வீட்டுக்கு வந்து கண்ணாடியப் பார்த்தாலும் அதேதான் தேடுறன். ஆத்தப் பார்க்கக்குள்ள மட்டும்தான் ஒண்டும் தேடாமப் பார்க்கிறன்."

நான் ஒரே துவாயை மூன்றுமுறை உதறிவிட்டேன். போதும் என்று உள்ளே திரும்பும்போது தோமஸண்ணனின் குரல் வந்தது.

"றமீஸ்ட கடை வெள்ளிக்கிழமை பூட்டா?"

சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். றமீஸ் தோமஸண்ணனைக் கண்டதும் சற்றுப் பின்வாங்கினார். ட்ரைபொட்டைத் திருப்பிக் கொடுத்த நாளில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மேர்சியக்கா இந்தமுறை தராசு கொண்டுவரவில்லை என்று நினைத்தேன். பைக்குள் இருந்து எடுத்தார்.

"உயரம் வேணாம் றமீஸ்" என்றார். "நடுத்தண்டும் வேணாம். நிண்டு எடுக்கத்தானே உயரம். நான் குந்தியிருந்து எடுக்கிறன். கால் கட்டையா, தடிப்பா வேணும்."

கட்டிலில் கிடந்த நாட்களில் அவர் இதைத்தான் யோசித்திருக்கிறார் என்பது அப்போது விளங்கியது. உயரத்தை விட்டுவிட்டால் மெல்லிய கடைசித் துண்டுகள் தேவையில்லை. நடுத்தண்டு இல்லாவிட்டால் அந்தப் பாரமும் இல்லை. அங்கே மிச்சம் பிடித்த பாரத்தைத் தலைக்குக் கொடுக்கலாம். றமீஸ் உள்ளே போய், யாரும் கேட்காமல் கிடந்த ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். விரித்தால் என் இடுப்புக்கும் வராது. தலைக்கு மேர்சியக்கா கேட்டது பெரிய உருண்டை, பக்கத்தில் இன்னொரு சின்னத் திருகோடு. அந்தச் சின்னத் திருகைச் சற்று முறுக்கி வைத்தால், பெரிய திருகை இளக்கினாலும் உருண்டை விழாது. தேனுக்குள் கரண்டி போல மெதுவாக அசையும். திரும்பத் திரும்ப இளக்கினார், இறுக்கினார். லென்ஸ் தொங்கவில்லை. தராசில் மாட்டினார். முள் ஒன்றரைக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

தோமஸண்ணன் அதுவரை கதவருகில் நின்றார். இப்போது வந்து, ட்ரைபொட்டை ஒவ்வொரு பக்கமாகக் கையால் தள்ளிப் பார்த்தார். பஸ்ஸில் ஏறும் சந்தேகமான பொதியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இது விழுந்தா?" என்று றமீஸிடம் கேட்டார்.

"விழுந்தாக் கமராதான் அண்ணன் போகும்."

"அது போகட்டும்."

சொல்லிவிட்டு மேர்சியக்காவைப் பார்த்தார். மேர்சியக்கா ட்ரைபொட்டின் கால்களை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார்.

தோமஸண்ணனுக்கு லீவு கிடைத்த விடியலில் பழுகாமத்துக்குப் போனோம். அவர்கள் இருவரும் மோட்டார் சைக்கிளில், நான் பின்னால் ஸ்கூட்டியில். கச்சான் இன்னும் முடியவில்லை. பாலத்தில் ஏறியபோதே காற்று ஸ்கூட்டியை எதிரில் இருந்து தள்ளியது. திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். முன்னால் போன சிவப்பு விளக்கு நிற்கவில்லை.

பொதியை மேர்சியக்காதான் சுமந்தார், வலது தோளில். தோமஸண்ணன் கேட்டும் கொடுக்கவில்லை. கரையில் உரப்பை ஒன்றை விரித்து அதில் அமர்ந்தார். ட்ரைபொட்டின் மூன்று கால்களையும் அகல விரித்து, சேற்றில் ஒவ்வொன்றையும் வலது கையால் அழுத்தி இறக்கினார். இனி இறங்காது என்று நிச்சயமான பிறகுதான் கமராவை ஏற்றினார். கமரா அவருடைய மார்பு உயரத்தில் நின்றது. தண்ணீர் இரண்டு எட்டில் கிடந்தது. நான் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றேன். தோமஸண்ணன் ஆற்றுக்கும் ட்ரைபொட்டுக்கும் நடுவில், படத்தில் விழாத ஓரமாக, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

மேகத்தின் விளிம்பு வெளுத்தது. மேர்சியக்கா திருகை இளக்கினார். கமரா மெதுவாகத் திரும்பி, நிறுத்திய இடத்தில் நின்றது. இறுக்கினார். திரையைப் பார்த்தார். அப்போது பனைகளுக்குள் ஓர் இரைச்சல் எழுந்து எங்களை நோக்கி வந்தது. என் சட்டை முதுகில் ஒட்டியது. ட்ரைபொட்டின் பின்கால் ஒன்று சேற்றுக்குள் இருந்தபடியே அதிர்ந்ததைப் பார்த்தேன்.

மேர்சியக்காவின் இடது கை மடியில் இருந்து கிளம்பிவிட்டது. விரல்கள் விரிந்து, கமராவை நோக்கிப் பாதித் தூரம் போய்விட்டன. அங்கே நின்றன. அவரே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடையதோ போல. ட்ரைபொட் விழவில்லை. அதிர்வு அடங்கியது. காற்று அடங்கவில்லை.

கிழக்கே வெளிச்சம் ஆற்றுக்கு மேலே பரவத் தொடங்கியிருந்தது. அது நிற்கும் நேரம் கொஞ்சம்தான். அடுத்த இரைச்சல் பனைகளுக்குள் தொடங்குவது கேட்டது.

"இஞ்சருங்க" என்றார் மேர்சியக்கா. "இஞ்ச வாங்க."

தோமஸண்ணன் சேற்றில் இரண்டு எட்டில் வந்து குந்தினார். ட்ரைபொட்டின் காலைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"அதையில்ல."

கண்ணைத் திரையில் இருந்து எடுக்காமலே தன் இடது கையை அவர் பக்கம் நீட்டினார். தோமஸண்ணன் அதை இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கி, தன் முழங்காலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். மேர்சியக்கா மூச்சை அடக்கி, வலது கையின் ஒரு விரலால் பொத்தானை அழுத்தினார்.